தோமையார் வெறும் சந்தேகக்காரரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையாரின் ஜூலை 3 திருநாளையொட்டி வந்த கட்டுரையில் 'சந்தேகத் தோமா' என்ற தலைப்பைக் கண்டு வருந்தினேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கிறேன். நண்பர் இலாசர் இறந்தபோது இயேசு யூதேயாவுக்குத் திரும்பினால் அவர்மேல் கல்லெறிவார்களே என்று சீடர்கள் அஞ்சினார்கள். "நாமும் போவோம், அவரோடு சாவோம்" என்றவர் தோமையார். யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, அவருடைய காயத்தைத் தொடாமல் நம்பமாட்டேன் என்றார், உண்மைதான். ஆனால் தொட்டதாக நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. கண்டதுமே "என் ஆண்டவரே, என் கடவுளே" என்றார். மற்றச் சீடர்களும் கண்ட பிறகுதானே நம்பினார்கள்? சென்ற ஞாயிறன்று என் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதைக் கேட்டாள். எழுந்து நின்று, விரலை நீட்டிக் கேட்டாள்.

பரங்கிமலைக் கோயில் பீடத்தில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை இருக்கிறது. தோமையார் உயிர்நீத்ததாக மரபு சொல்லும் இடம் அது. அடுத்த ஆண்டு திருநாள் கட்டுரைக்கு அந்த 11ஆம் அதிகாரத்திலிருந்து தலைப்பு வையுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்,
பரங்கிமலை, சென்னை.