இரண்டு கிற்றார், ஒரு மேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இசைப் பக்கத்தில் பாடகர்களே நிறைந்திருக்கிறார்கள். வாத்தியக்காரர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

நான் கலியாண வீடுகளில் முப்பது வருடமாகக் கிற்றார் வாசிப்பவன். அமெரிக்கக் கிற்றார் கலைஞர்களான லெஸ் போலும் செற் அட்கின்ஸும் சேர்ந்து வாசித்த 1976ஆம் ஆண்டு இசைத்தட்டைப் போன கிழமை மறுபடி கேட்டேன். லெஸ் போல் ஜாஸ்காரர். 1948இல் வாகன விபத்தில் நொறுங்கிய வலது முழங்கையை, கிற்றார் பிடிக்கத் தோதான கோணத்திலேயே பொருத்தச் சொன்னவர். அட்கின்ஸ், அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு மரபான கன்ட்ரி இசைக்காரர். பெருவிரலால் தடித்த தந்திகளில் நடை போட்டுக்கொண்டே மற்ற விரல்களில் மெட்டை எடுப்பார். அந்த ஒன்றைப் பழக எனக்கு ஆறு வருடம் பிடித்தது! ஒருவர் மெட்டில் ஏறினால் மற்றவர் தாளத்துக்கு இறங்குகிறார். அப்புறம் இடம் மாறுகிறார்கள். இடையில் அவர்கள் பேசிச் சிரிப்பதையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். கோணேசர் கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்களே, அதே சந்தோஷம். அந்த இசைத்தட்டுக்குக் கன்ட்ரி வாத்திய இசைக்கான கிராமி விருதும் கிடைத்தது.

என்னிடம் பழகும் பெடியன்களில் பைலாக்காரர் ஒரு பக்கம், மெல்லிசைக்காரர் மறுபக்கம். லெஸ் போல், அட்கின்ஸ் இருவரையும் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுவேன்.

கிற்றார் ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.