பாப்பாவுக்கு, கவுச்சி விஷயமாக

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே உனக்குத் தூக்கம் வந்துவிட்டது. சொல்ல வந்ததை எழுதியே அனுப்புகிறேன், ரயிலில் போகும்போது படி.

வாசலில் சாளை வாங்கி அம்மா ஆயத் தொடங்கினாலே நீ துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடுவாயே, அந்தக் கவுச்சியைப் பற்றித்தான். கடல் மீனின் உடம்பில் டிஎம்ஏஓ என்று ஒரு சரக்கு இருக்கிறது (முழுப்பெயர் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு, எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை). மீன் உயிரோடு இருக்கும்வரை அதற்கு வாடை கிடையாது, செத்தபிறகு பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது கிளம்புவதுதான் கவுச்சி. குளத்து மீனில் இது ரொம்பக் குறைவு. அம்மா புளித்தண்ணீரில் அலசுவதும் சும்மா இல்லை, புளிப்புப் பட்டால் அந்த வாடை காற்றில் ஏற முடியாமல் தண்ணீரோடு போய்விடும். இதை அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு இவ்வளவு படிக்கணுமா" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் ஜப்பானில் உன் யோகோஹாமாவுக்குத் தெற்கே, இசு-ஒகசவாரா அகழி என்ற கடலடிப் பள்ளத்தில், விஞ்ஞானிகள் இரை கட்டிய கேமராவை இறக்கியிருக்கிறார்கள். 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் நீந்தி வந்தது, அதற்கு முன்னால் அவ்வளவு ஆழத்தில் யாரும் மீனைப் படம் பிடித்ததில்லை. நத்தை மீன் என்கிறார்கள். நான் பல்லும் கொம்புமாக ஏதோ பூதம் வரும் என்று பார்த்தால், செதில்கூட இல்லாமல் வெந்த ஜவ்வரிசி மாதிரி வழவழவென்று ஒன்று சாவகாசமாகப் போகிறது. அதுவும் குஞ்சு! ஆழ்கடல் மீன்களில் பெரும்பாலும் குஞ்சுகள்தான் மேலே இருக்குமாம், இந்த மீனில் தலைகீழ். மேலே போனால் தின்ன ஆள் இருக்கிறது, கீழே இல்லை.

ஆனால் அந்த ஆழத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மூன்று டன் அழுத்துகிறது. உடம்பிலுள்ள புரதமெல்லாம் உருக்குலைந்து போகணும். போகவிடாமல் தாங்கிப் பிடிப்பது, நீ மூக்கைப் பொத்தினாயே, அந்தக் கவுச்சிக்கு மூலமான அதே டிஎம்ஏஓதான். ஆழம் கூடக் கூட மீனின் உடம்பில் அதுவும் கூடுகிறது. அப்படியே கூட்டிக்கொண்டு போகவும் முடியாது, ஒரு கட்டத்தில் மீனின் உடம்பு கடல்நீரைவிடச் செறிவாகி, வெளித்தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கிவிடும். அதனால் 8,200லிருந்து 8,400 மீட்டருக்குக் கீழே மீனே இருக்காது என்று பால் யான்சி என்ற விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் 2014இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்துக் கேமராவில் மாட்டிய குஞ்சு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை பார்! எனக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு இதுதான் காரணம், அம்மா சொல்வதுபோல காபி இல்லை.

கடலிலேயே ஆழமான மரியானா அகழியின் அடி கிட்டத்தட்ட பதினோரு கிலோமீட்டர். அங்கே இறால் சாயலில் சின்னச் சின்ன ஜந்துக்கள் உண்டு, மீனைக் காணோம். 1960இல் அங்கே இறங்கிய பிக்கார்டு தட்டையாக ஒரு மீனைப் பார்த்ததாகச் சொன்னார், இப்போது விஞ்ஞானிகள் அதை நம்புவதில்லை. பாவம், அந்த இருட்டில் என்னத்தைப் பார்த்தாரோ.

அப்புறம், அம்மா கேட்கச் சொன்னாள்: அங்கே மீன் வாங்கினால் நீயேதான் ஆய்கிறாயா? புளி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

அப்பா