50 ரூபாய்க்கு ஒரு மாணவர் டிக்கெட் வேண்டும்

சபா செயலாளர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சபா கச்சேரி கேட்க வந்த இசைப் பள்ளி மாணவர்கள் நாங்கள் சிலர் வாசலோடு திரும்பியது உங்களுக்குத் தெரியும். "உறுப்பினர் அட்டை இருந்தா உள்ள போங்க தம்பி" என்றார் வாசலில் நின்ற அண்ணாச்சி. அவர் மேல் தப்பில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னார். ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்ட எங்களால் முடியாது. அன்றைக்கு மட்டும் டிக்கெட் கேட்டால், அப்படி ஒரு வழக்கமே இல்லையாம். ஆனால் நன்கொடையாளர் சோபாக்களில் பாதி காலியாகக் கிடந்ததைக் கதவிடுக்கில் பார்த்தோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடையாள அட்டையைக் காட்டினால் 50 ரூபாய்க்கு ஒரு மாணவர் டிக்கெட்.

நான் மிருதங்கம் படிக்கிறேன். 'தகதிமி' போன்ற சொற்கட்டுகளை வாத்தியார் சொல்லித் தருவார். பாட்டுக்கு எங்கே அடக்கி வாசிப்பது, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கடத்தோடு மாறி மாறி வாசித்து, முடிவில் வரும் கோர்வையில் எப்படிச் சேர்வது என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் பிடிபடும். யூடியூபில் கேமரா பாடகர் முகத்தை விட்டு நகராது, மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் கை என்ன செய்கிறது என்று தெரியவே தெரியாது. யார் தயவிலாவது உள்ளே போனாலும், தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது கடைசி பஸ்ஸுக்கு எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. பொன்னாடைகள் எல்லாம் போர்த்தி முடித்து, ஆறு மணிக் கச்சேரி ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் வேறு என்ன ஆகும்?

அந்த முக்கால் மணி நேரத்தில் "இளைஞர்கள் சாஸ்திரிய இசைப் பக்கம் வருவதில்லையே" என்று ஒருவர் தவறாமல் வருத்தப்படுகிறார். போன ஞாயிறு அந்த வருத்தம் வாசல் ஒலிபெருக்கியில் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பெயரைச் சொல்லாத வரவேற்புரையும் கிடையாது. அவர் நாகஸ்வரத்தைக் கோயில் வீதியில் நின்று கேட்டவர்களிடம் யாராவது அட்டை கேட்டார்களா?

சரி, கோபம் போதும். சென்னையில் டிசம்பர் சீசனில் பல சபாக்கள் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே வைப்பதில்லை. லண்டனில் 1895-ல் தொடங்கிய 'ப்ராம்ஸ்' (Proms) என்ற ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரித் தொடரில், நின்று கேட்பவர்களுக்கு இன்றும் மலிவு டிக்கெட் உண்டு. நாங்களும் நிற்கத் தயார். இலவசமாகக்கூடக் கேட்கவில்லை ஐயா, 50 ரூபாய்க்கு மாணவர் டிக்கெட்தான் கேட்கிறோம். அடுத்த மாதக் கச்சேரிக்கு முன் குழுவில் பேசி, தயவுசெய்து ஒரு முடிவு சொல்லுங்கள். அப்புறம், பொன்னாடைகளைக் கச்சேரி முடிந்த பிறகு போர்த்த முடியுமா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு மிருதங்க மாணவன்