சபை நிர்வாகக் குழுவில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரியமான மூப்பர்களே, செயலர்களே, பொருளாளர்களே, குழு உறுப்பினர்களே,

உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபைகளின் கணக்குகளோடும் ஆவணங்களோடும் புழங்குகிற வேலையில் இருக்கும் ஒரு விசுவாசி எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் சம்பளம் எதுவும் வாங்காமல், சொந்த வேலையை முடித்துக் களைத்து வந்த பிறகு சபைக்காக உட்காருகிறவர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. குழுவில் இருப்பதால் சட்டத்தின் முன் உங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லையே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

புதிய குழு பொறுப்பேற்கும் நாளில் ஜெபம் உண்டு, வாழ்த்து உண்டு. சபையின் சட்டதிட்டத்தை யாரும் கையில் கொடுப்பதில்லை. "போதகர் ஐயா பார்த்துக்கொள்வார்", "அதெல்லாம் பொருளாளர் பிரதர் கவனிப்பார்" என்று ஆண்டுகள் ஓடிவிடும். ஆனால் சட்டம் உங்களை ஐயாவின் உதவியாளர்களாகப் பார்ப்பதில்லை. சபை அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால் நீங்கள் அறங்காவலர்கள். சங்கமாகப் பதிவாகியிருந்தால் நிர்வாகிகள். எங்கும் பதிவு செய்யாத சபை என்றால் நிலைமை இன்னும் கடினம். பல நாடுகளில் அப்படிப்பட்ட சபையைச் சட்டம் தனி அமைப்பாகவே ஏற்பதில்லை. வாடகை ஒப்பந்தத்திலோ கடன் பத்திரத்திலோ கையெழுத்துப் போட்டவர், தன் சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"நல்ல நோக்கத்தோடுதானே செய்தோம்" என்ற பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 2015இல் அந்தச் சபையின் தலைவர்கள் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கட்டட நிதியிலிருந்து ஏறத்தாழ 2.4 கோடி சிங்கப்பூர் டாலர், போலிக் கடன் பத்திரங்களின் வழியாக ஸ்தாபகப் போதகருடைய மனைவியின் இசைப் பணிக்குச் சென்றிருந்தது. அதை மறைக்க இன்னும் 2.6 கோடி சுற்றிவிடப்பட்டது. அவர்கள் யாரும் தங்கள் பைக்குள் பணம் போட்டுக்கொள்ளவில்லை என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. 2017இல் மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. ஆனாலும் சிறைக்குப் போனார்கள். அந்த இசையும் நற்செய்திப் பணிதான் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை.

கட்டட நிதி என்று சொல்லி வாங்கிய காணிக்கை, கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு மட்டுமே உரியது. அதிலிருந்து சம்பளப் பாக்கி கொடுப்பதும், "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்று மிஷன் பயணத்துக்கு எடுப்பதும் நம் சபைகளில் சாதாரணமாக நடக்கின்றன. திருப்பி வைத்தாலும் முறைகேடு முறைகேடுதான். ஒவ்வொரு நிதிக்கும் தனிக் கணக்கு, ஒவ்வொரு காசோலைக்கும் இரண்டு கையெழுத்து, காணிக்கையை எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத குறைந்தது இரண்டு பேர், குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர். இதைக் கேட்டால் நம் சகோதரர்கள் சிலருக்கு மனம் வருத்தப்படுகிறது, "எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்கிறார்கள். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடம் வரக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அப்போஸ்தலருக்கே அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

அப்புறம் சொத்து. போதகர் பெயரில் வாங்கிய சபை நிலத்தின் பத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அவசரத்தில் வாங்கினோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அவர் உத்தமராகவே இருக்கட்டும். அவர் காலமான மறுநாள் அந்த நிலம் சட்டப்படி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கொடுத்தது சபை மக்கள் என்று நிரூபிக்கும் சுமை சபையின் தலையில் விழும். வாரிசுகள் நல்லவர்களாக இருந்தாலும், அவர்களில் ஒருவருடைய கடன்காரர் கேட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? உரியவர் உயிரோடும் நல்ல மனதோடும் இருக்கும்போதே, வழக்கறிஞரை வைத்து முறைப்படி சபையின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் நியாயமாக எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது மென்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பள்ளியிலோ வாலிபர் முகாமிலோ ஒரு பிள்ளை தனக்கு நடந்த தீங்கைச் சொன்னால், அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உங்கள் குழுவுக்கு இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க இந்தியா 2012இல் இயற்றிய போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை, சபைகளும் பள்ளிகளும் புகார்களை உள்ளுக்குள்ளேயே முடித்து, குற்றம் சாட்டப்பட்டவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்ததை வரிசையாக வெளிக்கொண்டுவந்தது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, கேட்டதாக இருந்தாலும் விலக்கு இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் வந்த இரவில் கேட்கத் தொடங்கினால், "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்ற குரல்தான் அறையில் ஓங்கும். முதலில் பிள்ளைக்குப் பாதுகாப்பு, உடனே அதிகாரிகளுக்குத் தகவல், புகாருக்கு ஆளானவர் பிள்ளைகளின் பக்கமே வராதபடி விலக்கிவைத்தல். மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்தைப் பாதிக்கப்பட்டவரிடம் யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், தயவுசெய்து.

வேலைக்காரர்கள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். போதகரை நியமிப்பதும் நீக்குவதும் சபையின் உள்விவகாரம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் ஆலயத்தைப் பெருக்குகிறவரும் காவலரும் அலுவலக உதவியாளரும் போதகர்கள் அல்ல. அவர்களுக்குச் சட்டப்படியான ஊதியம், விடுப்பு, காப்பீடு எல்லாம் உண்டு. 'ஊழியம்' என்று பேர் வைத்துக் குறைக்க முடியாது. வரியும் அப்படித்தான். அரசு உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கன்னியாஸ்திரிகள், குருக்கள் சம்பளத்தில் வரி பிடிப்பது சரியே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் முடிவு சொல்லிவிட்டது. தாங்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள், சம்பளம் தங்கள் கைக்கு வருவதில்லை என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

"உலகச் சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் மூப்பர்களுக்கு ஒரு தகவல். 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1284ஆம் பிரிவில், நாட்டுச் சட்டங்களை மீறுவதால் திருச்சபைக்குச் சேதம் வராதபடி விழிப்பாக இருப்பது நிர்வாகிகளின் கடமை என்றே எழுதிவைத்திருக்கிறது. 537ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு உள்ளூர்த் திருச்சபையிலும், நிதிக் குழு இருக்க வேண்டும். நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களானாலும் சரி, இந்த அக்கறை உங்களுக்கும் பொருந்தும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த குழுக் கூட்டத்தில் வேறு எதையும் எடுக்காமல் சபையின் சட்டதிட்டத்தை முழுவதும் உரக்க வாசியுங்கள். சொத்துப் பத்திரங்கள், வங்கிக் கணக்குகள், காப்பீடு, வரித் தாக்கல் ஆகியவை யார் பெயரில், எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு பட்டியல் எழுதி எல்லாரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். தெரியாததை வழக்கறிஞரிடமும் தணிக்கையாளரிடமும் கேளுங்கள். அவர்கள் சபை அங்கத்தினராகவே இருந்தாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு தீர்மானத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் அதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வாசிக்க நேரம் கொடுக்காமல் ஒரு தாளை நீட்டினால், நீட்டுகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "நாளைக்குப் படித்துவிட்டுப் போடுகிறேன், ஐயா" என்று சொல்லுங்கள். அந்தப் பட்டியலையும் தணிக்கை அறிக்கையையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சபையார் முன் வையுங்கள். காணிக்கைப் பெட்டியில் போட்டவர்களுக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சக விசுவாசி