பிள்ளைகளை மைதானத்துக்கு விடுங்கள்: படுவான்கரைப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார், அண்ணன்மாருக்கு,

வணக்கம். உங்களில் நிறையப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். 2008 தொடக்கம் 2010 வரை பெண்பிள்ளைகளின் எல்லே அணியில் விளையாடினேன். கடைசி வருடம் தலைவியாகவும் இருந்தேன். அப்புறம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம், அதன் பிறகு வெளிமாவட்டத்தில் ஆசிரியப் பணி. இந்தத் தை மாதம்தான் மாற்றலாகி ஊருக்கு வந்தேன். காலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பின்னேரம் எங்கள் பழைய அணியைப் பழக்குகிறேன். அந்தப் பின்னேர வேலையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

வந்த கிழமையே விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையைத் திறந்து பார்த்தேன். கிழிந்த கரப்பந்து வலைக்கு அடியில் ஒரு மூங்கில் பொல்லு கிடந்தது. பிடிக்கும் இடத்தில் சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றியிருந்தது. வியர்வையில் கை வழுக்காமல் இருக்க நாங்கள் சுற்றியது அது. ரப்பர் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. மூங்கிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டிப் பார்த்தேன், அதே சத்தம்.

அணியில் சேரப் பெயர் தந்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இருபத்துநான்கு பிள்ளைகள். பத்தாம் வகுப்புக்கு மேல் இரண்டே பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "அம்மா வேணாமெண்டு சொல்லிட்டா ரீச்சர்." ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

எல்லேயைச் சித்திரை வருட விளையாட்டு விழாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பொல்லு, ஒரு ரெனிஸ் பந்து, வெறும் காணி. செலவு என்று பார்த்தால் இதைவிடக் குறைந்த விளையாட்டு இல்லை. பந்தை அடிக்க மூன்று வாய்ப்பு. அடித்தால் ஓட வேண்டும். வட்டத்தில் நின்று மூச்சு வாங்கத் தரிப்பிடங்கள் உண்டு. ஓடும்போது எதிரணி பந்தால் எறிந்து உடம்பில் பட்டாலும், அடித்த பந்தை ஏந்திப் பிடித்தாலும் ஆட்டமிழப்பு. முழுச் சுற்றும் வந்தால்தான் புள்ளி. அடிப்பது சில மாதத்தில் வந்துவிடும். இங்கே நிற்பதா, அடுத்த தரிப்புக்கு ஓடுவதா என்ற முடிவுதான் கஷ்டம். பந்து எங்கே, எடுக்கப் போகிறவள் எவ்வளவு தூரத்தில், அவளுடைய எறி எப்படி, என் காலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஓட்டத்திலேயே யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரும் அவளுக்காக முடிவெடுக்க முடியாது.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள், இடது கைக்காரி. அடித்தால் பந்து வேலி தாண்டும். ஆனால் எப்போதும் முதலாவது தரிப்பிலேயே நின்றுவிடுவாள். பந்து முதுகில் பட்டுவிடும் என்ற பயம். ஆறு கிழமை அப்படித்தான் போனது. போன வெள்ளிக்கிழமை அடித்தாள், ஓடினாள், முதலாவது தரிப்பில் நின்றாள், திரும்பிப் பந்தைப் பார்த்தாள், மறுபடி ஓடத் தொடங்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி வந்து சேர்ந்தபோது செருப்பு ஒன்று மைதானத்தின் நடுவில் கிடந்தது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, "பந்து தூரத்தில கிடந்தது ரீச்சர், பாத்தனான்" என்றாள். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகைக்கு வந்து கணக்குச் செய்யக் கையைத் தூக்கினாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் நம்புகிறேன்.

உங்கள் பயங்கள் எனக்குப் புதிது இல்லை. எங்கள் அம்மாவும் இதே பயத்தோடு இருந்தவதான். 2007 இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பிய காலம். பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்தாலே போதும் என்றிருந்த நாட்கள். எங்கள் பி.ரி. ரீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் வந்து, திண்ணையில் இருந்து பேசி, எங்களைக் கேட்டு வாங்கினா. போட்டிக்குப் போவதென்றால் மண்முனையில் பாதைக்கு, அதுதான் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்திருந்து மட்டக்களப்பு வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது. வாவி கடந்து போய் முதன்முதலில் வெபர் மைதானத்தைப் பார்த்தோம். அமெரிக்காவிலிருந்து வந்து பட்டினத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய பாதிரியார் ஒருவரின் பெயர் அந்த மைதானத்துக்கு. பழக்கியவரை மறக்காத ஊர் எங்கள் மட்டக்களப்பு.

2010இல் அந்த ரீச்சருக்கு மாற்றம் வந்தது. அந்த வருடம்தான் வலய மட்டத்தில் வென்றிருந்தோம். அடுத்த கட்டப் போட்டிக்கு முந்திய கிழமை மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கலியாணம் பேசினார்கள். இன்னொருத்தி வெயிலில் கறுத்துப் போகிறாள் என்று மறித்தார்கள். மூன்றாமவளுக்கு என்ன காரணம் என்று இன்றுவரை தெரியாது. மிச்சப் பேரோடு போய்த் தோற்றோம். தோல்வியை மறந்துவிட்டேன். திரும்பி வரும்போது பாதையில் ஒருவரும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்ததை மறக்கவில்லை. நான் தலைவி, அந்த மூன்று வீட்டுக்கும் போய்க் கேட்டிருக்கலாம். பதினெட்டு வயதில் அந்தத் துணிவு வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

படிப்பு கெடும் என்கிறீர்கள். உங்கள் மகளின் கணிதப் புள்ளி என் கையில்தான் இருக்கிறது. தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தால், காரணம் கண்டுபிடிக்கும் வரை நானே அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தி, அந்த நேரத்தில் வகுப்பில் இருத்திப் படிப்பிப்பேன். தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி இருக்கிறது. அது கிடைக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ரியூசன் நாட்களைக் கேட்டுத்தான் நேரம் போட்டிருக்கிறேன். சூடான கச்சான் காற்று வீசும் காலத்தில் நாலு மணிக்கு முன் ஒருவரையும் வெயிலில் இறக்க மாட்டேன். உடுப்புக்கு நீளக் காற்சட்டையும் கையுள்ள ரீசேட்டும் போதும். பெரியபிள்ளை ஆனதும் நிறுத்தத்தான் வேண்டும் என்பதை மட்டும் தயவுசெய்து ஒரு தடவை யோசியுங்கள். அந்த வயதில்தான் பிள்ளை தன் உடம்பைப் பார்த்துக் கூச்சப்படத் தொடங்குகிறாள். ஓடுகிற பிள்ளைக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும். நான் அனுபவித்துச் சொல்வது இது.

எல்லேக்குத் தங்கச்சி மாதிரி சாஃப்ட்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. 1887இல் சிக்காகோவில் தொடங்கியது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடக் காசும் மைதானமும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான். 1972இல் சட்டம் போட்டுத்தான் அதை மாற்றத் தொடங்கினார்கள். 1996இல் சாஃப்ட்பால் பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டியாகவே சேர்ந்தது. கல்லூரியில் விளையாடிய பெண் அதே கல்லூரிக்குப் பயிற்றுநராகத் திரும்பி வருவது அங்கே வழக்கமான விஷயம். நான் திரும்பி வந்ததும் ஊரில் பாதிப் பேர், "உனக்கேன் இந்த வேலை?" என்றுதான் கேட்டார்கள். அடுத்த முறை என் பிள்ளைகளில் ஒருத்தி இப்படித் திரும்பி வரும்போது அவளிடம் யாரும் அப்படிக் கேட்கக்கூடாது.

எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தான். அவள் பிறந்த நாளிலிருந்து கல்லும் மண்ணும் சேர்க்கிறீர்கள். குடியிருக்க அவளுக்கென்று ஓரிடம் வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிற தாய் தகப்பன் வேறு எங்கும் இருப்பார்களோ தெரியாது. அந்த அக்கறையில் கிழமைக்கு நாலரை மணித்தியாலத்தைத்தான் கேட்கிறேன்.

சரி, ஏற்பாடுகளைச் சொல்கிறேன். திங்கள், புதன், வெள்ளி நாலு மணி தொடக்கம் ஐந்தரை வரை பயிற்சி. தண்ணீர்ப் போத்தலும் ஒரு தொப்பியும் போதும். தூரத்துப் பிள்ளைகளோடு நானும் இன்னொரு ரீச்சரும் சைக்கிளில் வருவோம், வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் திரும்புவோம். நீங்களும் வந்து வேம்புக்குக் கீழே இருந்து பார்க்கலாம். அம்மாமார் வந்திருந்தால் பிள்ளைகள் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள், இரண்டு நாள் பார்த்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு தொடக்கம் வீடு வீடாக வருவேன். முதல் வீடு எது என்று தீர்மானித்துவிட்டேன். 2010இல் நின்ற மூன்று பேரில் ஒருத்திதான் அந்த இடது கைப் பிள்ளையின் தாய். மச்சாள், உனக்குத்தான் சொல்கிறேன். பழைய பொல்லைக் கொண்டுவருகிறேன், வீட்டில் சைக்கிள் ரியூப் இருந்தால் எடுத்து வை. அன்றைக்குச் சுற்றினது நீதானே.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் எல்லே ரீச்சர்