அட்டைப்பெட்டியில் இருந்த 56

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், தொலைபேசி லைன் வழியாகக் கணினியை இணையத்தோடு இணைத்த டயல்-அப் மோடம் பற்றிய கட்டுரை படித்தேன். ‘28.8 மோடத்தைவிட 56கே மோடம் இரண்டு மடங்கு வேகம்’ என்ற வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. 1999 முதல் நான்கு வருடம் கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான்.

56 என்பது மோடத்தின் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எண்; நொடிக்கு அத்தனை கிலோபிட் என்று அர்த்தம். அது கிடைக்க வேண்டுமானால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து இணைய நிறுவனம் வரை முழுக்க டிஜிட்டலாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சிக்னல் அனலாகாக மாறினாலும் போச்சு, 33.6-ஐத் தாண்டாது. அந்த 56-உம் டவுன்லோடுக்குத்தான். வி.90 என்ற 56கே தரநிலை மோடத்தில் அப்லோடு 33.6-தான்; 2000-இல் அடுத்த தரநிலையான வி.92 வந்த பிறகே 48 ஆனது. துபாயில் இருக்கும் மருமகனுக்குப் பேரக்குழந்தையின் படத்தை அனுப்ப வந்த ஓர் அம்மா, பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு 56-ஆல் ஒரு பயனும் இல்லை.

நான் மோடங்களை ஒப்பிட்டது இப்படித்தான்: ஒரே லைன், ஒரே நேரம், 1 எம்பி ஜிப் ஃபைல், கையில் கடிகாரம். ஏற்கெனவே சுருக்கி வைத்த ஜிப்தான் வேண்டும். டெக்ஸ்ட் ஃபைல் என்றால் மோடமே சுருக்கி அனுப்பிவிடும், வேகம் பொய்யாகக் கூடித் தெரியும். ஐப்பசி மழையில் லைன் கரகரக்கும்போது திரையில் இணைப்பு வேகம் நொடிக்கு 45,333 பிட் என்று காட்டும். ஆனால் மோடம் அடிக்கடி நின்று மறுபடி பேசிச் சரிசெய்துகொள்ளும். ஃபைல் இறங்க ஏழு நிமிடம் ஆகும். அப்புறம் 33.6 வரை மட்டுமே போகும் பழைய வி.34 தரநிலைக்கு மேல் போகாதபடி மோடத்துக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். திரையில் 31,200-தான் காட்டியது. அதே ஃபைல் ஐந்து நிமிடத்துக்குள் இறங்கியது!

இன்னொன்றும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. கணினிக்குள் செருகும் மலிவான சாஃப்ட் மோடங்கள் தங்கள் வேலையைப் பிராசசர் தலையில் கட்டிவிடும். பக்கத்திலேயே ஒரு படத்தைத் திறந்தால் வேகம் விழும். சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை அதிகம்தான், ஆனால் கொடுத்த காசுக்கு உழைத்தது.

அந்த ‘இரண்டு மடங்கு’ வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். நேரம் குறித்து வைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.