துப்பாக்கி வாங்கியிருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே ஹூஸ்டனில் அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். அங்கே பென்சில்வேனியாவில் நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். 9 மி.மீ. கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கிவிட்டதாகவும், ஷெரிஃப் அலுவலகத்தில் அதை உடன் கொண்டுசெல்வதற்கான கேரி லைசென்ஸுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், சுட்ட கூட்டிலிருந்து மீண்டும் தோட்டா செய்யும் என்னுடைய ரீலோடிங் பிரஸ்ஸை உனக்கு அனுப்ப முடியுமா என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் என்று தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. பல ஆண்டுகளாக இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடுகிறவன், மகனைப் பார்த்து அதைத் தொடாதே என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் துப்பாக்கியை வாங்குவது ஒரு நாள் வேலை; அதைக் கூடவே வைத்திருப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் வீட்டைப் பார். உன் பிள்ளைக்கு இப்போது நடை வந்துவிட்டது. இழுப்பறையைத் திறக்கவும், நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறவும் கற்றுக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணங்களுக்கு, சாலை விபத்தையும் முந்திக்கொண்டு, துப்பாக்கியே முதல் காரணமாக 2020இல் ஆகிவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்கு அடியில் வைப்பதும், தலையணைக்கு அடியில் வைப்பதும் ஒளித்துவைப்பதே தவிர பூட்டிவைப்பது ஆகாது. சுவரிலோ கட்டிலின் சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்கிய சிறிய இரும்புப் பெட்டகம் ஒன்றை, லைசென்ஸ் வருவதற்கு முன்பே வாங்கிவிடு. துப்பாக்கி உன் உடம்பில் உன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். மூன்றாவது இடம் என்று ஒன்று கிடையாது. காரின் டேஷ்போர்டும் கூடாது. காரில் விட்டுவைத்துத் திருடுபோகும் துப்பாக்கிகள் இந்த நாட்டில் ஏராளம், அவை யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறைந்த மரைன் படை அதிகாரி ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை நீ கடையிலேயே கேட்டிருப்பாய்: எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே கொள், அழிக்க விரும்பாத எதன் மீதும் குழாயைத் திருப்பாதே, குறி இலக்கில் நிலைக்கும் வரை விரலை ட்ரிகருக்கு வெளியே வை, இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். இவற்றை ஒப்பிப்பது எளிது, தூக்கக் கலக்கத்திலும் கை தானாகச் செய்வதுதான் கடினம். குறிப்பாக, துப்பாக்கியைக் காலி செய்யும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறையில், இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், ஒரு தோட்டா வெளியே விழுந்ததைக் கண்ணால் பார்த்த நிம்மதியில் நீ இருப்பாய். ஸ்லைடு முன்னே போகும்போது அடுத்த தோட்டாவை சேம்பருக்குள் தள்ளியிருக்கும். கிளாக்கைப் பிரித்துத் துடைப்பதற்கு முன் ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால், இந்தத் தவறு செய்திருந்தால் அப்போது துப்பாக்கி சுட்டுவிடும். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டும் தடவிப் பார்.

துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளாக்கில் கையால் போடும் சேஃப்டி கிடையாது. ட்ரிகரை எது அழுத்தினாலும் அது வெடிக்கும். ஆகவே ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை முழுவதும் மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டரும், தொய்யாத பெல்ட்டும் வேண்டும். பெரும்பாலான ஆபத்து துப்பாக்கியை உருவும்போது அல்ல, திரும்பச் செருகும்போதுதான் வருகிறது. சட்டையின் ஓரமோ ஜாக்கெட்டில் தொங்கும் கயிறோ ஹோல்ஸ்டருக்குள் சிக்கி ட்ரிகரை இழுத்துவிடும். உங்கள் ஊர்க் குளிரில் அடுக்கடுக்காக உடுத்துவீர்கள், ஆகவே செருகும்போது ஆடையை விலக்கி, குனிந்து பார்த்து, மெதுவாகச் செருகு. செருகும் வேகத்துக்கு யாரும் பரிசு தருவதில்லை.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீ டெக்சஸில் வளர்ந்தவன். இங்கே 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியைக் கொண்டுசெல்லலாம். அந்தப் பழக்கத்தைப் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோகாதே. அங்கே லைசென்ஸ் கைக்கு வரும் வரை, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகும்போதுகூடத் துப்பாக்கி காலியாகவும் தோட்டாக்கள் தனியாகவும் இருக்க வேண்டும். லைசென்ஸ் வந்த பிறகும் அது டெலவேர் ஆற்றுப் பாலத்தோடு முடிந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சி, அது உங்கள் லைசென்ஸை ஏற்பதில்லை. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண்ணை அங்கே போலீஸ் நிறுத்தியபோது, தன்னிடம் துப்பாக்கியும் பென்சில்வேனியா லைசென்ஸும் இருப்பதை அவரே முன்வந்து சொன்னார். கைதானார். மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறை அவர் தலைமேல் தொங்கியது. 2015இல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கியதால்தான் அது முழுமையாக நீங்கியது. அந்தப் பெண் யாரையும் மிரட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

உன் கிளாக்கின் மேகசினில் 15 தோட்டாக்கள் பிடிக்கும். நியூ ஜெர்சியில் வரம்பு 10. தற்காப்புக்கு நீ வாங்கும், முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வழிப்பயணத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று நண்பர்கள் சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியைக் கொண்டுசெல்ல உனக்குச் சட்டப்படி உரிமை இருந்து, காலியான துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல் இருந்தால், கடந்து செல்கிறவனுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. எடிசனில் நண்பர் வீட்டு விருந்துக்கும் பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கும் போவது கடந்து செல்வது ஆகாது. அந்த நாட்களில் துப்பாக்கி பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

நண்பர்கள் என்றதும் இன்னொன்று. எச்-1பி விசாவில் இருப்பவர்கள், அமெரிக்க மாநிலம் ஒன்றின் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். வார இறுதியில் வீட்டுக்கு வருகிறவன் ஆசையாகக் கேட்டாலும் கையில் எடுத்துக் கொடுக்காதே. அவனுடைய விசாவே போய்விடலாம். அவனுக்காக உன் பெயரில் வாங்கிக் கொடுப்பதை நினைத்தும் பார்க்காதே. வாங்குகிறவன் நான்தான் என்று, துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473ஆம் படிவத்தில் கையெழுத்திட்டுப் பொய் சொல்வதற்குச் சிறை உண்டு.

இந்தியாவுக்குப் போகும்போதும் கவனம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப் பையாக ஒருபோதும் பயன்படுத்தாதே. ஓரத் தையலில் ஒரே ஒரு தோட்டா சிக்கியிருந்து, சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபித்து விடுபட்டவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் விடுமுறையும் வேலையும் என்னாகும் என்று யோசித்துப் பார்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தம்பி. இந்த நாட்டில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். வேலை போகலாம், வீட்டில் மனக்கசப்பு வரலாம், காரணமே தெரியாமல் மனம் கனக்கலாம். அப்படி ஒரு காலம் வந்தால் பெட்டகத்தின் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலும் இரவு பகலாக ஆள் இருப்பார்கள். அவளுக்கு அப்படி ஒரு காலம் வந்தாலும் இதேதான்: துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

ரீலோடிங்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். விரல் மூட்டு வலியால் நான் பிரஸ் முன்னால் உட்காருவது குறைந்துவிட்டது. அது உன்னிடம் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பவுடரைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, பவுடர் அளந்து ஊற்றி, குண்டை அமர்த்தி மீண்டும் ஒரு தோட்டாவாக்கும் அந்த நிதானம், எனக்கு வேறெந்த வேலையிலும் கிடைத்ததில்லை. ஆனால் டிவி ஓடும் அறையில் செய்யக்கூடிய வேலை அல்ல அது. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். அளவை, அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், அதையும் குறைந்தபட்ச அளவிலிருந்தே தொடங்க வேண்டும்.

என் பழைய ரிவால்வருக்கான .38 ஸ்பெஷல் கூடு நீளமானது. வேகமாக எரியும் பவுடர் அதன் அடியில் சிறு மேடாகத்தான் கிடக்கும்; தவறி இரண்டு முறை விழுந்தாலும் கூடு வழியாது. அதனால்தான் ஐம்பது கூடுகளை மரப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டை அமர்த்துவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பேன். ஒன்றில் மட்டும் பவுடர் மேலேறித் தெரிந்தாலோ அடிப்பாகம் பளிச்சென்று வெறுமையாகத் தெரிந்தாலோ, அந்தப் பலகை முழுவதையும் கொட்டி மீண்டும் அளப்பேன். பவுடரே விழாத தோட்டாவும் ஆபத்துதான். பிரைமரின் உந்துதல் மட்டும் குண்டைக் குழாயின் நடுவே தள்ளி நிறுத்திவிடும், அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடித்துப்போகும். ரேஞ்சில் சத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பொத்தென்று கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்துக் குழாயைப் பார்.

இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்குக் கம்பெனித் தோட்டாவையே போடு. நீ செய்வது பயிற்சிக்கு. அதை விற்காதே, அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், நண்பர்களுக்கும் கொடுக்காதே. பிரைமரில் ஈயக் கலவை இருப்பதால், கூடுகளைச் சுத்தம் செய்யும் தூசியிலும் ஈயம் இருக்கும். எல்லாவற்றையும் கராஜில் வைத்துக்கொள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கு.

பிரஸ், கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் டை செட், தராசு, அதைச் சரிபார்க்கும் எடைக்கற்கள் ஆகியவற்றை இந்த வாரம் பார்சல் செய்கிறேன். பவுடரையும் பிரைமரையும் தபாலில் அனுப்ப அனுமதியில்லை. அவற்றை அங்கேயே கடையில் வாங்கிக்கொள், வந்த டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றாதே. கராஜில் பிரஸ்ஸை கனமான மேசையில் போல்ட் போட்டு வைத்தால் போதும். அடுத்த மாதம் நாங்கள் வரும்போது முதல் ஐம்பது தோட்டாக்களை நீ செய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா